விளைச்சலும் வேண்டும், குடிநீரும் வேண்டும்!

2024-ம் ஆண்டு முடிகிற நேரத்தில் மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஓர் அறிக்கை வெளியிட்டது. நாடெங்கும் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் 2023-ல் எடுத்த கிணற்று நீரையும் குழாய் நீரையும் சோதித்து எழுதிய அறிக்கை அது. நூற்றுக்கு இருபது இடங்களில் தண்ணீரில் நைட்ரேட் என்னும் உப்பு அளவுக்கு மேல் இருக்கிறது என்று அது சொல்கிறது. இந்தக் கேடு உள்ள ஜில்லாக்கள் 2017-ல் 359. 2023-ல் 440. ராஜஸ்தானில் நூற்றுக்கு 49 இடங்கள், கர்நாடகத்தில் 48. அடுத்து நிற்பது நமது தமிழ்நாடு: நூற்றுக்கு 37.

பெரிய பத்திரிகைகளில் இது ஒரு நாள் செய்தியாக வந்தது, மறுநாள் மறைந்தது. பங்களாவில் சுத்திகரிப்பு எந்திரம் வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு நாள் செய்திதான். ஆனால் அடிபம்பில் குடம் வைத்துத் தண்ணீர் பிடிக்கிற விவசாயத் தொழிலாளிக்கும், கூலியில் ஒரு பங்கைக் கேன் தண்ணீருக்குக் கொடுக்கிற மில் தொழிலாளிக்கும் இது அன்றாடப் பிரச்னை. எனவே நாம் இதை விரிவாகப் பேசியாக வேண்டும்.

நைட்ரேட் எங்கிருந்து வருகிறது? சாக்கடையிலிருந்து வருகிறது. ஊருக்குள் தோண்டிய கக்கூஸ் குழிகளிலிருந்தும், எருக்குழியிலிருந்தும், கோழிப் பண்ணைக் கழிவிலிருந்தும் வருகிறது. இவற்றோடு, வயலில் போடுகிற யூரியாவிலிருந்தும் வருகிறது. இந்தக் கடைசிக் காரணத்தைச் சொன்னவுடனே இரண்டு தரப்பார் எழுந்து நிற்கிறார்கள். “யூரியாவைக் குறைத்தால் விளைச்சல் போகும், சோறு இருக்காது” என்கிறார்கள் ஒரு தரப்பார். “விவசாயி பேராசைப்பட்டு மண்ணையும் தண்ணீரையும் கெடுத்துவிட்டான், யூரியா விலையை ஏற்றினால்தான் அடங்குவான்” என்கிறார்கள் மற்றொரு தரப்பார். இரண்டும் தவறு என்பதே நமது கருத்து. ஏன் தவறு என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

கண்ணுக்குத் தெரியாத கேடு

சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் விழுந்தால் ஆறு சிவப்பாகவோ நீலமாகவோ ஓடும். பச்சைக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். நைட்ரேட் அப்படிப்பட்டதல்ல. அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. கண்ணாடி போல் தெளிந்த தண்ணீரிலும் அது இருக்கும். சோதனைச் சாலையில் பார்த்தால்தான் தெரியும்.

நமது நாட்டில் குடிதண்ணீருக்கு வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட். உலக சுகாதார ஸ்தாபனம் வைத்திருப்பது 50. இந்த அளவு எதற்காக? முக்கியமாகக் கைக்குழந்தைகளுக்காக. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால்மாவை இந்தத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால், வயிற்றில் நைட்ரேட் வேறு பொருளாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. ரத்தம் உடம்பெங்கும் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் சக்தியை இழக்கிறது. குழந்தை மூச்சுத் திணறுகிறது. உதடும் நகமும் நீலம் பாய்கின்றன. 1945-ல் அமெரிக்காவின் ஐயோவா ராஜ்யத்தில் ஒரு டாக்டர், பண்ணை வீடுகளின் கிணற்று நீரைக் குடித்த குழந்தைகளிடம் இதைக் கண்டு எழுதினார். அதன்பிறகுதான் உலகம் விழித்துக் கொண்டது.

இங்கே ஒரு எச்சரிக்கையை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோக வேண்டும். தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் சுண்டுகிறது, நைட்ரேட் அப்படியே நிற்கிறது. ஆகவே லிட்டருக்கு உள்ள அளவு கூடத்தான் செய்யும். துணியில் வடிகட்டினாலும் போகாது, படிகாரம் போட்டாலும் போகாது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் பிரசவமான சில வாரங்களில் களையெடுக்கப் போக வேண்டிய தாய், குழந்தையைப் புட்டிப்பாலுக்கு விட்டுவிட்டுத்தானே போகிறாள்? வறுமை இருக்கும் இடத்தைத் தேடித்தான் இந்தக் கேடும் வருகிறது.

யாருடைய குற்றம்?

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். 45 கிலோ மூட்டையில் இருப்பது ஏறத்தாழ 20 கிலோ 700 கிராம். வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுக்கான கட்டணமும் சேர்த்து மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு. 2025-26-க்கு மத்திய சர்க்கார் சாதாரண நெல்லுக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். கிலோ 23 ரூபாய் 69 காசு.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மூட்டை யூரியா கூடுதலாகப் போட்டால் அந்தச் செலவைத் திரும்ப எடுக்க விவசாயிக்கு எவ்வளவு நெல் கூடுதலாகக் கிடைக்க வேண்டும்? பதினோரு கிலோவும் சொச்சமும் போதும். ஏக்கருக்குப் பதினோரு கிலோ! கண்டுமுதலில் இது சாக்குக்கு அடியில் சிந்துகிற அளவு. பயிர் கொஞ்சம் வெளிறிக் கண்டாலும், கடன் வாங்கிப் பயிர் செய்தவன் என்ன செய்வான்? “போனால் 266 ரூபாய், வந்தால் இரண்டு மூட்டை நெல்” என்று இன்னொரு மூட்டையை வீசச் சொல்வான். இதைப் பேராசை என்று சொல்வது அநியாயம். மழையும் விலையும் கைவிட்டுவிடும் என்ற பயத்தில் அவன் கட்டுகிற இன்ஷூரன்ஸ் அது.

ஆனால் அந்தக் கணக்கில் எழுதாமல் விட்ட பற்றுகள் பல உண்டு. போட்ட தழைச்சத்தில் நமது வயல்களில் பயிர் எடுத்துக் கொள்வது மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள்தான். மீதியில் ஒரு பகுதி ஆவியாகிறது. ஒரு பகுதி வடிநீரோடு போகிறது. ஒரு பகுதி நைட்ரேட்டாகி மண்ணுக்குள் இறங்குகிறது. அளவுக்கு மீறித் தழைச்சத்து குடித்த நெல் கரும்பச்சையாக நிற்கும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தண்டு மெலிந்து காற்றடித்தால் சாயும். புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் அந்தப் பயிரைத்தான் தேடி வரும். அப்புறம் மருந்துக் கடைக்கு ஓட்டம். 266 ரூபாயில் முடிந்ததாக நினைத்த செலவு ஆயிரத்தில் போய் நிற்கும். லாபம் யாருக்கு? மருந்து விற்றவனுக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தண்ணீர் கட்டி நிற்கிற நெல் வயலில் நைட்ரேட் உண்டாவது குறைவு. உண்டானதிலும் பெரும் பகுதி காற்றோடு போய்விடும். நிலத்தடி நீருக்குக் கூடுதல் ஆபத்து தோட்டக்கால் பூமியில்தான். செம்மண்ணில், பாறைமேல் நிற்கிற ஆழமில்லாத கிணறுகளை நம்பி, மஞ்சளும் கரும்பும் வாழையும் காய்கறியும் பயிராகிற இடங்களில்தான். அங்கே உரத்தைக் கொட்டி உடனே பாய்ச்சினால், தண்ணீர் உரத்தையும் இழுத்துக் கொண்டு கீழே இறங்குகிறது. அதே தண்ணீர் அதே கிணற்றுக்கு வந்து சேர்கிறது. அந்தக் கிணற்றிலிருந்துதான் ஊர் குடிக்கிறது.

குத்தகைதாரன் நிலைமை இதைவிட மோசம். பட்டா அவன் பேரில் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கிடைப்பதில்லை. உரக்கடைக்காரரிடம் கடனுக்கு மூட்டை எடுக்கிறான். கடன் கொடுத்தவர் எடுத்துக் கொடுப்பதுதான் உரம், அவர் சொல்வதுதான் அளவு. யூரியா கேட்டால், “இந்த டப்பாவையும் சேர்த்து வாங்கினால்தான்” என்று வேண்டாத சரக்கைக் கட்டிவிடுகிறார்கள் என்ற புகார் ஒவ்வொரு பருவத்திலும் எழுகிறது. மண்ணைச் சோதிக்க வேண்டியவர் எங்கோ இருக்கிறார். வயலுக்கு ஆலோசனை சொல்கிறவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்!

சர்க்கார் செய்த காரியம்

2010 ஏப்ரல் முதல் மத்திய சர்க்கார் உர மான்யத்தில் ஒரு மாற்றம் செய்தது. மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களுக்கு இவ்வளவுதான் மான்யம் என்று கட்டிவிட்டு, விலையைக் கம்பெனிகளிடம் விட்டது. யூரியா விலையை மட்டும் தன் கையில் வைத்துக் கொண்டது. விளைவு என்ன? அந்த உரங்களின் விலை ஏறியது. யூரியா இருந்த இடத்தில் நின்றது. இன்று 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. ஐந்து மடங்கு வித்தியாசம். கையில் காசில்லாதவன் எதை வாங்குவான்? மூன்று சத்தும் சேர்ந்தால்தான் பயிர் தழைச்சத்தை முழுக்க உண்ணும். மற்ற இரண்டும் குறைந்தால், போட்ட தழைச்சத்து வேருக்குப் போகாமல் கிணற்றுக்குப் போகும். ஆக, கிணற்று நீர் கெட்டதில் டில்லியில் உட்கார்ந்து விலை வகுத்தவர்களின் கையும் இருக்கிறது.

இப்போது அதே டில்லியிலிருந்து வேறு யோசனைகள் கிளம்புகின்றன. யூரியா விலையை ஏற்றிவிடலாம், மான்யத்தைப் பணமாக விவசாயியின் பாங்குக் கணக்கில் போட்டுவிடலாம் என்கிறார்கள். 2022-23-ல் உர மான்யம் சுமார் இரண்டரை லட்சம் கோடி ரூபாய் ஆனது உண்மை. அந்த வருஷம் உக்ரெயின் யுத்தத்தால் எரிவாயு விலை எகிறியது. யூரியா எரிவாயுவிலிருந்து ஆகிற சரக்கு. ஆனால் பணம் யார் கணக்கில் போகும்? பட்டாவில் பெயர் உள்ளவர் கணக்கில். நிலத்தில் கால் வைக்காத சொந்தக்காரருக்கு மான்யம். சேற்றில் நிற்கும் குத்தகைதாரனுக்கு விலையேற்றம்! இதனால் தண்ணீர் சுத்தமாகாது. சிறு சாகுபடிக்காரன் நிலத்தைவிட்டுப் போவான். அவனிடம் கூலிக்குப் போனவனுக்கும் வேலை போகும்.

மூன்று நாடுகள், மூன்று பாடங்கள்

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. மற்றவர்கள் என்ன செய்தார்கள், என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும்.

முதலாவது, அமெரிக்காவின் ஐயோவா. மக்காச்சோளமும் சோயாவும் கடல் போல் விளைகிற பூமி. வயலுக்கு அடியில் குழாய் பதித்து நீரை வடிக்கிறார்கள்; அந்தக் குழாய் வழியே நைட்ரேட் நேராக ஆற்றுக்குப் போகிறது. டெமாயின் நகரம் அந்த ஆற்றைக் குடிக்கிறது. நைட்ரேட்டைப் பிரித்தெடுக்க 1990-களின் தொடக்கத்தில் அந்த நகரத்துத் தண்ணீர் நிர்வாகம் பெரிய ஆலையே கட்டியது. ஆலை ஓடுகிற நாட்களில் ஆயிரக்கணக்கான டாலர் செலவு. அதைக் கொடுப்பது நகரத்துக் குடும்பங்கள். ‘கெடுப்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் வேறொருவரா?’ என்று கேட்டு 2015-ல் அந்த நிர்வாகம் மேல்புறத்து மூன்று கவுண்டிகளின் வடிகால் அமைப்புகள் மேல் வழக்குப் போட்டது. 2017-ல் வழக்குத் தள்ளுபடியாயிற்று. 2013-ல் ஐயோவா சர்க்கார் வகுத்த திட்டம், நைட்ரஜன் கழிவை நூற்றுக்கு 45 குறைக்க வேண்டும் என்று சொன்னது. ஆனால் விவசாயி இஷ்டப்பட்டால் செய்யலாம் என்று விட்டுவிட்டது. 2025 ஜூனில் ஆற்றில் நைட்ரேட் ஏறியபோது, ஆலை முழு மூச்சில் ஓடியும் போதவில்லை. சுமார் ஆறு லட்சம் ஜனங்கள் வாழும் அந்த வட்டாரத்தில் புல்தரைக்குத் தண்ணீர் விடக் கூடாது என்று தடை போட்டார்கள். ‘இஷ்டப்பட்டால் செய்’ என்ற கொள்கையின் லட்சணம் இது.

இரண்டாவது, டென்மார்க். உரமும் சாணக் கழிவும் கடலுக்குப் போய், பிராணவாயு இல்லாமல் கடல் ஜந்துக்கள் செத்ததைக் கண்டு ஜனங்கள் கொதித்தார்கள். 1987-ல் அந்த சர்க்கார் தேசத் திட்டம் ஒன்று வகுத்தது. சாணக் கழிவைச் சேமித்து வைக்கத் தொட்டி கட்டாயம். குளிர்காலத்தில் வயல் வெறுமையாகக் கிடக்கக் கூடாது. ஒவ்வொரு பண்ணையும் உரக் கணக்குக் காட்ட வேண்டும். இந்தப் பயிருக்கு இவ்வளவு தழைச்சத்து என்று உச்ச அளவு. கடலுக்குப் போகிற நைட்ரஜன் சுமார் இருபது வருஷங்களில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. விவசாயம் அழிந்து போகவில்லை. ஆனால் அங்கும் ஒரு தகராறு வந்தது. 1998-க்குப் பிறகு, அதிக லாபம் தரும் அளவுக்கும் நூற்றுக்குப் பத்துக் குறைவாக உச்ச அளவை வைத்தார்கள். கோதுமையில் புரதம் குறைகிறது, விலை குறைகிறது என்று விவசாயிகள் முறையிட்டார்கள். 2016 முதல் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். வீணாகிற உரத்தை வெட்டுகிற வரை விவசாயிக்கு நஷ்டமில்லை. பயிர் உண்கிற உரத்தில் கைவைத்தால் நஷ்டம் உண்டு, அதை யார் தாங்குவது என்ற கேள்வியும் உண்டு. இந்த எல்லையை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, பக்கத்து இலங்கை. 2021-ல் அந்த சர்க்கார் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடை செய்தது. அதற்குப் பதில் போட வயலில் எருவும் இல்லை, பழக்கமும் இல்லை, அவகாசமும் இல்லை. நெல் விளைச்சல் பெரும் வீழ்ச்சி கண்டது, தேயிலையும் அடிபட்டது. விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். அந்த வருஷம் நவம்பரிலேயே தடையை விலக்க வேண்டி வந்தது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தமிழ்த் தொழிலாளியும், யாழ்ப்பாணத்துக் குடியானவனும் அதன் சுமையைச் சுமந்தார்கள். சுத்தம் என்ற பெயரில் ஒரே நாளில் தடை போட்டால் பட்டினி கிடப்பது ஏழைதான்.

இங்கே திருப்பூரில் நடந்ததையும் மறக்க வேண்டாம். நொய்யலில் சாயக் கழிவு ஓடிய காலமெல்லாம் கண்ணை மூடிக் கொண்டிருந்தார்கள். 2011 ஜனவரியில் ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது வேலை இழந்து நின்றவர்கள் தொழிலாளிகள். காலத்தில் ஒழுங்கு செய்யாவிட்டால், முதலில் தண்ணீரை இழப்பதும் பிறகு வேலையை இழப்பதும் ஒரே ஜனங்கள்தான்.

லாபமும் கெடாமல் தண்ணீரும் கெடாமல்

அப்படியானால் வழி உண்டா? உண்டு. அதில் பாதி வழி ஏற்கெனவே தெரிந்த வழி.

இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது. பச்சையில் பல சாயல்கள் தீட்டிய சிறு அட்டை, பெரிய எந்திரமில்லை. தமிழ்நாடு விவசாயப் பல்கலைக் கழகம் சொல்கிற முறை இது: நட்ட பதினான்காம் நாள் முதல் கதிர் வரும் வரை, வாரம் ஒருமுறை வயலில் இறங்கி, மேலிருந்து மூன்றாவது விரிந்த இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். பத்து இலையில் ஆறு இலை நாலாம் எண்ணுக்குக் கீழே வெளிறியிருந்தால் மேலுரம் போட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் எண். குறுவையில் ஒரு தடவைக்கு ஹெக்டேருக்கு 35 கிலோ தழைச்சத்து. சம்பா, தாளடியில் 30. ஏக்கர்க் கணக்கில் யூரியா 31 கிலோவும் 26 கிலோவும். இலை பச்சையாக இருந்தால் போட வேண்டாம், அவ்வளவுதான். இந்த முறையில் விளைச்சல் குறையாமல் யூரியா மிச்சமாகிறது என்பது வயலில் பலமுறை கண்ட முடிவு.

இதில் விவசாயத் தொழிலாளிக்கும் ஒரு பங்கு உண்டு. உரம் வீசுகிறவன் அவன். எந்த மூலையில் பயிர் வெளிறியிருக்கிறது, எந்த மூலையில் கறுத்திருக்கிறது என்று வரப்பில் நிற்கிற சொந்தக்காரரைவிட அவனுக்கும் அவளுக்கும் நன்றாகத் தெரியும். இரண்டு தடவையில் கொட்டுகிற உரத்தை நாலு தடவையாகப் பிரித்துப் போட்டால் ஆள் வேலை கூடும். கூடுகிற வேலைக்குக் கூலியும் கூட வேண்டும். மிச்சமான யூரியாவும் மிச்சமான மருந்தும் அந்தக் கூலிக்கு ஈடு கட்டும். கம்பெனிக்குப் போகிற காசு ஊருக்குள் நிற்கும்.

கிணற்றுப் பாசனக்காரர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறோம். லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள கிணற்று நீரை ஒரு ஏக்கருக்கு மொத்தம் 50 சென்டிமீட்டர் உயரம், அதாவது சுமார் இருபது லட்சம் லிட்டர், பாய்ச்சினால் அதில் இருக்கிற தழைச்சத்து எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 20 கிலோ. ஒரு மூட்டை யூரியா! மஞ்சளுக்கும் கரும்புக்கும் இதைவிட அதிகமாகவே பாய்ச்சுகிறார்கள். பம்ப் செட்டிலேயே உரம் வந்து கொண்டிருக்க, அது தெரியாமல் கடையிலிருந்தும் வாங்கிக் கொட்டுகிறோம். கிணற்று நீரைச் சோதித்து அந்தக் கணக்கைக் கழித்துப் போட்டால் காசும் மிச்சம். கிணற்று நைட்ரேட்டைப் பயிர் உறிஞ்சிக் கொள்வதால் தண்ணீரும் தேறும். தண்ணீரைக் காப்பதும் செலவைக் குறைப்பதும் இங்கே ஒரே வேலை.

தக்கைப்பூண்டும் கொளுஞ்சியும் சணப்பும் நமது பெரியவர்கள் மிதித்துச் சேற்றில் உழுத பயிர்கள். தாளடி அறுப்புக்கு முன் உளுந்தும் பயறும் தெளிப்பது காவிரிப் பாசனத்தின் வழக்கம். இவை காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் வைக்கின்றன. இவற்றை மட்டும் கொண்டு ரசாயன உரமே இல்லாமல் நடத்திவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. இலங்கை அனுபவம் கண்முன் இருக்கிறது. ஆனால் இவை உள்ள வயலில் யூரியா மூட்டைகளைக் குறைக்கலாம். வேம்பு பூசிய யூரியாவை 2015-ல் கட்டாயமாக்கியது நல்ல காரியம். அது மெதுவாகக் கரைகிறது. ஆனால் மெதுவாகக் கரைகிற மூட்டையையும் அளவுக்கு மேல் கொட்டினால் பயன் இல்லை.

ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்வோம். இன்றைக்கு உரத்தைக் குறைத்தால் நாளைக்கே கிணறு சுத்தமாகிவிடாது. மண்ணுக்குள் இறங்கிய நைட்ரேட் வருஷக் கணக்கில் மெதுவாக நகர்கிறது. ஆகவே ஒரு பக்கம் உரத்தை ஒழுங்கு செய்ய வேண்டும். மறு பக்கம், அதுவரை ஜனங்களுக்கு வேறு நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளிப் போட அனுமதிக்கக் கூடாது.

நமது கோரிக்கைகள்

1. ஊராட்சியின் ஒவ்வொரு குடிநீர்க் கிணற்றையும் அடிபம்பையும் மேல்நிலைத் தொட்டியையும் வருஷத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், சோதிக்க வேண்டும். முடிவைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்திலும் கிணற்றடியிலும் ஒட்ட வேண்டும்.

2. 45 மில்லிகிராமுக்கு மேல் உள்ள இடங்களில் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து இலவசமாகத் தண்ணீர் வர வேண்டும். முதல் குழாய் விவசாயத் தொழிலாளர் குடியிருப்புக்கும் அங்கன்வாடிக்கும் போக வேண்டும். கேன் வியாபாரிக்கு வழி திறந்துவிட்டு சர்க்கார் ஒதுங்கக் கூடாது.

3. மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலையை யூரியாவைப் போல் கட்டுப்படுத்திக் குறைக்க வேண்டும். யூரியா விலையை ஏற்றும் யோசனையையும், பட்டாவைப் பார்த்து மான்யத்தைப் பணமாகக் கொடுக்கும் யோசனையையும் கைவிட வேண்டும்.

4. குத்தகைதாரர்களுக்கும் கூட்டுறவுச் சங்கத்தில் கடனும் உரமும் கிடைக்க வேண்டும். யூரியாவோடு வேறு சரக்கைக் கட்டி விற்பவர்கள் மேல் கடும் நடவடிக்கை வேண்டும்.

5. இலை வண்ண அட்டையும், மண், கிணற்று நீர்ச் சோதனையும், பசுந்தாள் விதையும் ஒவ்வொரு சாகுபடிக்காரனுக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். உரம் போடும் தொழிலாளிகளுக்கும் பயிற்சி வேண்டும். கூடுதல் வேலைக்குச் சட்டப்படியான கூலி வேண்டும்.

6. பெரிய கோழிப் பண்ணைகளும் மாட்டுப் பண்ணைகளும் கழிவைச் சேமிக்கத் தொட்டி கட்டி, எங்கே அனுப்பினோம் என்று கணக்குக் காட்ட வேண்டும். கெடுப்பவர் செலவைக் கொடுக்க வேண்டும் என்ற விதி முதலில் பெரியவர்கள் மேல் பாய வேண்டும்.

7. நெல்லுக்குச் செலவும் அதில் பாதியும் சேர்த்து விலை கொடுத்து, களத்தில் நனைய விடாமல் கொள்முதல் செய்ய வேண்டும். விலை நிச்சயமானால்தான் பயம் போகும். பயம் போனால்தான் அந்தக் கூடுதல் மூட்டை போகும்.

இந்தக் கோரிக்கைகளில் விவசாயியும் விவசாயத் தொழிலாளியும் மில் தொழிலாளியும் சேர்ந்து நிற்க முடியும். “நீ என் தண்ணீரைக் கெடுக்கிறாய்” என்று நகரத்தான் கிராமத்தானைப் பார்த்துச் சொல்ல வேண்டும், “நீ என் பிழைப்பைக் கெடுக்கிறாய்” என்று கிராமத்தான் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்படி இருவரையும் மோதவிட்டு நடுவில் லாபம் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். ஐயோவாவில் நகரமும் கிராமமும் கோர்ட்டில் எதிரெதிராக நின்றன; தண்ணீர் மட்டும் சுத்தமாகவில்லை. அந்த வழி நமக்கு வேண்டாம். மில் தொழிலாளி தின்பது அந்த வயலின் அரிசி. வயலில் நிற்பவன் குடிப்பது அந்தக் கிணற்றின் தண்ணீர்.

வரும் கிராம சபைக் கூட்டத்தில் ஒவ்வொரு ஊரிலும் நமது சங்கங்கள் ஒரே ஒரு கேள்வியோடு தொடங்கட்டும்: “எங்கள் கிணற்றில் நைட்ரேட் எவ்வளவு? சோதித்த தாள் எங்கே?” தாள் இல்லை என்றால், சோதனை நடத்தத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். தாள் இருந்தால், எண்ணை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மில் பகுதிகளில் தொழிலாளர் சங்கங்கள் நகராட்சியிடமும் மில் நிர்வாகத்திடமும், ஆலைக்குள் குடிக்கக் கொடுக்கிற தண்ணீரைப் பற்றி இதே கேள்வியைக் கேட்கட்டும். எண் கைக்கு வந்துவிட்டால் “எல்லாம் நன்றாக இருக்கிறது” என்ற பேச்சு நிற்காது. அந்த எண்ணிலிருந்து கோரிக்கைகளுக்குப் போவோம்.